புதுப்பிப்பு: அந்த 1996 பரோலோவைத் திறந்தாயிற்று

போன மாதம் கேட்டிருந்தேனே, இத்தாலிய ஒயின் தயாரிப்பாளர் பர்தோலோ மஸ்கரெல்லோவின் 1996 பரோலோ (அந்நாட்டுச் சிவப்பு ஒயின்) ஒரு புட்டி இருக்கிறது, இப்போதே திறக்கலாமா, இன்னும் வைக்கலாமா என்று. பாதிப் பேர் "திற", மீதிப் பேர் "பொறு". சனிக்கிழமை ராத்திரி திறந்துவிட்டேன்.

தக்கை பாதியில் ஒடிந்தது, என் அவசரம்தான். துகள் விழுந்ததால் மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றினேன். நிறம் பழைய செங்கல், விளிம்பில் ஆரஞ்சு. முதல் ஒரு மணி நேரம் ஈர மண் வாசனையைத் தவிர ஒன்றுமில்லை. போச்சு என்று நினைத்தேன். அப்புறம்தான் காய்ந்த ரோஜா, தார், கொஞ்சம் அதிமதுரம். துவர்ப்பு மட்டும் இன்னும் அடங்கவில்லை, கடுந்தேநீர் மாதிரி ஈறைப் பிடிக்கிறது. பரோலோ செய்யும் நெபியோலோ திராட்சையின் குணம் அது. சரி, "பொறு" கட்சிக்கும் பாதி வெற்றி.

மஸ்கரெல்லோ 2005இல் இறந்தார். கான்னூபி, சான் லொரென்ஸோ, ருவே, ரோக்கே என நான்கு இடத்துப் பழங்களையும் கலந்து ஒரே பரோலோவாகச் செய்தவர். அக்கம்பக்கத்தார் தோட்டம் தோட்டமாகப் பிரித்துப் பெயர் போட்டபோதும் அவர் மாறவில்லை. 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாயான பாரிக் என்றாலே ஆகாது. பெரிய பழைய பீப்பாய்கள்தான். கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து லேபிள்களைக் கையால் வரைந்தார். "பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்" என்று இத்தாலிய அரசியல்வாதியையும் சேர்த்துச் சாடிய லேபிள் அவருடையதுதான். என் புட்டியில் சாதா லேபிள், அந்த வருத்தம் உண்டு.

இப்போது மகள் மரியா தெரேசா அதே வழியில் நடத்துகிறார். திறக்கப்போகிறவர்களுக்கு ஒன்று: நாலு மணி நேரம் கழித்துக் குடித்த கடைசிக் கோப்பைதான் பிரமாதம். அதற்குள் விருந்தாளிகள் கிளம்பிவிட்டார்கள்.