நாகப்பட்டினத்தில் கடல் உள்வாங்கிவிட்டு வரவில்லை, நேராகவே வந்தது

சுனாமி பற்றி இங்கே பலரும் “கடல் உள்வாங்கினால் ஓடிவிட வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான், ஆனால் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். நான் நாகப்பட்டினத்துக் கீச்சாங்குப்பம், மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி வாக்கில் எங்கள் பக்கம் முதலில் தண்ணீர் ஏறித்தான் வந்தது. கன்னங்கரேலென்று சேற்றோடு வந்தது. விசைப்படகுகள் தெருவுக்குள் புகுந்து வீட்டுச் சுவர்களில் மோதின. அதைவிடக் கொடுமை வலைகள்தான். கரையில் கிடந்த நைலான் வலையெல்லாம் தண்ணீரோடு எழும்பி வந்து ஆட்களைச் சுற்றிக்கொண்டன, நீந்தத் தெரிந்தவர்கள்கூடக் கையைக் காலை அசைக்க முடியாமல் போனார்கள். என் சித்தியை மீன் வெட்டுகிற கத்தியால் வலையை அறுத்துத்தான் எடுத்தோம், உயிர் இல்லை. அப்புறம் தண்ணீர் வெகுதூரம் வடிந்தது. பிள்ளைகளைத் தேடி நிறைய பேர் கீழே இறங்கினார்கள், அடுத்த அலை அவர்களையும் கொண்டுபோனது.

ஏன் அப்படி வந்தது என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல்தரை பிளந்தபோது மேற்குப் பக்கம் மேலே எழும்பியது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது, நமக்கும் இலங்கைக்கும் முதலிலேயே அலை மேடு வந்தது. நிலநடுக்கம் நம் நேரத்துக்குக் காலை 6.28, அளவு 9.1 என்கிறார்கள். அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது! அந்த நேரத்தில் ஒரே ஒரு தகவல் வந்திருந்தால் போதுமே. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது, ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்.

2012 ஏப்ரல் 11-ஆம் தேதி மறுபடி சுமத்ரா பக்கம் 8.6 அளவில் ஆடியபோது எங்கள் தெருவில் யாரும் கடலை எட்டிப் பார்க்கப் போகவில்லை, கிழவிகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் ஓடினோம். அன்று கடலடிப் பாறைத் தட்டுகள் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. அலை வரவில்லையே, வீணாக ஓடினோமே என்று எங்கள் தெருவில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

—

தம்பி, உங்கள் சித்தியைப் பற்றிப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. எங்களுக்கு நிலம், கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே. சம்பா கதிர் வாங்கி நின்ற நேரம். வயலுக்குள் ஏறிய கடல்தண்ணீர் வடிந்த சில நாளில் பயிர் முழுக்கக் கருகி, வரப்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மண்ணின் உப்பை எடுக்க ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடித்து, பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். மழைதான் பாதி உப்பைக் கழுவிவிட்டது. நெல் திரும்ப விளைந்தது. ஆனால் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க ரொம்ப நாளாயிற்று, அதுவரை பெண்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்கள்.