'கொடி'யில் நின்றுவிடுகிறான்: பட அட்டை போதுமா?

கேள்வி (தூத்துக்குடி_அப்பா):
பையனுக்கு 7 வயது. 'படம்', 'மரம்' எல்லாம் படிக்கிறான். 'கொடி', 'மேகம்' வந்தால் நின்றுவிடுகிறான், இல்லையென்றால் படத்தைப் பார்த்து ஊகிக்கிறான். "இவன் கண்ணால் கற்கிற பிள்ளை, பட அட்டையிலேயே போங்க" என்கிறார் டியூஷன் டீச்சர். சரியா?

கரும்பலகை:
கண்ணால் கற்பவன், காதால் கற்பவன் என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் கூடுதல் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. 2008-இல் உளவியலாளர் பாஷ்லர் குழுவினர், அதுவரை வந்திருந்த ஆய்வுகளை அலசி இதைத்தான் சொன்னார்கள். பட அட்டை உங்கள் பையனுக்கு ஊகிக்கத்தான் பழக்கும்.

சிக்கல் எழுத்தில் இருக்கிறது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் மறுபக்கம். இடமிருந்து வலமாகப் போகும் கண் அங்கே இடறுகிறது.

க, த, ப, ம, வ ஐந்தையும் அட்டையில் எழுதுங்க. கொம்பு, காலைத் தனியாக வெட்டிவைத்து, 'ப' பக்கத்தில் நகர்த்தி ப, பா, பெ, பே, பொ, போ என்று ஒரே மூச்சில் சொல்ல வையுங்க. ஒரு நாளைக்கு 10 நிமிடம் போதும். அது பழகியதும் கொடு–கோடு, தொடு–தோடு, பெறு–பேறு என்று ஜோடியாக.

அணில்பிள்ளை:
முதலில் எங்கே தவறுகிறது என்று பாருங்க. படம் இல்லாமல், பொருளே இல்லாத 10 சொற்களை எழுதிக்கொடுங்க: தொவி, மேபு, கெமா இப்படி. ஊகிக்க வழி இருக்காது. 'தொவி'யை 'தெவி' என்றால் காலை விடுகிறான். 'தோவி' என்றால் குறில்–நெடில் குழப்பம். 'வி'யிலேயே தடுமாறினால் கொம்பை ஒத்திவைத்து இகர வரிசைக்குத் திரும்பணும்.

பயிற்சிக்கு மணலில் விரலால் எழுதவும் வைக்கலாம். அது எல்லாப் பிள்ளைக்கும் நல்லதுதான், ஒலியையும் சேர்த்துச் சொன்னால். கொம்பு போடும்போது வாய் மூடியிருக்கட்டும், கால் போட்டு முடிந்ததும் 'கொ'. வாய் திறக்காமல் எழுதினால் கோலம் போட்டது மாதிரிதான்.

தூத்துக்குடி_அப்பா:
247 எழுத்தும் முடித்த பிறகுதான் சொற்களா?

கரும்பலகை:
வேண்டாம். ங வரிசையில் அன்றாடம் வருவது 'ங்' மட்டும்தான். 'கௌ'வைக் கடைசியில் வையுங்க. அச்சில் அது 'கெள' மாதிரியே தெரியும், 'கெ-ள' என்று படித்தால் பையனைத் திட்டாதீங்க.