நடிகர் டெல்லி கணேஷ் சாரை நேர்ல பாத்தவங்க இருந்தா சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். ஒரு சபால நாடகம் பாக்கப் போனப்போ மேடைல பாத்தேன், உக்காந்தது கடைசி வரிசை, மூஞ்சி சரியாத் தெரியல ஆனா குரல் மட்டும் பக்கத்து சீட்ல இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. கூட வந்த மாமாதான் இவர் 1964ல இருந்து 74 வரைக்கும் ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவர்டான்னார். பூணூலும் பஞ்சகச்சமுமா பாத்துப் பழகின ஆளு, யூனிஃபார்ம்ல யோசிக்கவே முடியல எனக்கு. டெல்லில தக்ஷிண பாரத நாடக சபான்னு ஒரு குழுல நடிச்சிட்டு இருந்திருக்கார், சொந்த ஊர் வல்லநாடு, பேருக்கு முன்னாடி டெல்லிய ஒட்ட வச்சது டைரக்டர் பாலசந்தர். முதல் படம் பட்டினப் பிரவேசம், அதுவும் விசு எழுதின நாடகம்தான்.

---

நான் பாத்தது ஒரு கல்யாணப் பந்தில. பரிமாற வந்த பையன் சாம்பார் வாளிய வச்சுட்டு "சார் மீன் எதுவும் இல்ல, தைரியமா சாப்பிடுங்க"ன்னுட்டான், வரிசையே சிரிச்சிடுச்சு. மைக்கேல் மதன காமராஜன்ல இவர் பாலக்காட்டு சமையல்காரர், கல்யாணச் சாம்பார்ல மீன் விழுந்துடும்ல, அந்த ஜோக்குதான். படம் வந்தது 1990ல, அதுக்கப்புறம் எத்தனை கல்யாணத்துல இதே ஜோக்கக் கேட்டிருப்பாரோ பாவம், ஆனாலும் அப்பதான் முதல்தடவ கேக்கற மாதிரி சிரிச்சார். எனக்கு அதுல ஆச்சரியம் என்னன்னா திருநெல்வேலிச் சீமைக்காரர் அந்தப் பாலக்காட்டுத் தமிழ அப்படிப் புடிச்சது, அதுக்கு முந்தின வருஷம்தான் அபூர்வ சகோதரர்கள்ல நாலு வில்லன்ல ஒருத்தரா வந்தார், அந்த ஆளா இந்த ஆளுன்னு இருக்கும்.

---

நேர்ல பாத்ததில்லங்க, ஆனா ஒண்ணு சொல்லணும். 47 நாட்கள் படத்துல சிரஞ்சீவிக்கு டப்பிங் இவர்தான். இது தெரியாம சின்ன வயசுல பாத்துட்டு, பின்னாடி தெரிஞ்சு திரும்பப் போட்டுப் பாத்தேன், அந்த வில்லத்தனத்துல பாதி குரல்லதான் இருக்கு. முகமே தெரியாத வேலைக்கும் மனுஷன் அவ்ளோ உழைச்சிருக்கார். அய்யர் வேஷத்துக்குதான் லாயக்குன்னு சொல்றவங்க பசி பாக்கணும், 1979ல வந்தது, ரிக்‌ஷாக்காரரா ஷோபாவுக்கு அப்பாவா வருவார், மாநில அரசு விருது கூட வாங்கினார் அதுக்கு.

---

எல்லாரும் புகழ்றீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், திட்டாதீங்க. நானூறுக்கு மேல படம் பண்ணினவர், அதுல பாதி வேஷம் வேற யார் பண்ணிருந்தாலும் ஒண்ணும் ஆகிருக்காது. பொண்ணுக்கு அப்பா, ஆபீஸ் மேனேஜர், ரெண்டு சீன், முடிஞ்சது. கொஞ்சம் தள்ளி வச்சு செலக்ட் பண்ணிருக்கலாம்ல? 1981ல எங்கம்மா மகராணில ஹீரோவாவே பண்ணிருக்கார், அந்த ரூட்ட விட்டுட்டார்.

---

மேல சொன்னவருக்கு: ஹீரோவா போயிருந்தா நாலு படத்தோட காணாமப் போயிருப்பார் சார், எத்தனை பேரப் பாத்துட்டோம். நாடகத்துல வளந்தவங்களுக்கு இன்னிக்கு ராஜா வேஷம், நாளைக்கு சேவகன், அதான் பழக்கம். நாயகன்ல கமல் பக்கத்துல நின்னு ஹிந்தி பேசற அய்யரா வருவாரே, டெல்லி வாசம் அங்க உதவியிருக்கும்னு என் கணிப்பு. அந்த ரெண்டு சீன் மேனேஜர்கள்ல சிலது வீண்தான், ஒத்துக்கறேன். ஆனா சிந்து பைரவில குடிச்சிட்டு வந்து கச்சேரி மேடையில அவமானப்படற அந்த மிருதங்கக்காரர யோசிங்க. கதையே ஹீரோவா வர்ற பாடகர் ஜேகேபியோடது, இவரு சைடு கேரக்டர்தான். பின்னாடி ஜேகேபியே பாட்டிலும் கையுமா ஆகறப்ப நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது இவர் மூஞ்சிதான். அந்த வேஷத்த "சின்னது, வேணாம்"னு அவர் தள்ளி விட்டிருந்தா?

---

2024 நவம்பர்ல அவர் போன அன்னிக்கு எங்க வீட்ல டிவில அவ்வை சண்முகி ஓடிச்சு. எங்கம்மா நியூஸ நம்பாம, இதோ இருக்காரேன்னு டிவியக் காட்டினாங்க. நேர்ல பாத்த கதை என்கிட்ட இல்ல, இதான் இருக்கு. நாடகத்துல பாத்த வேற யாராச்சும் இருந்தா எழுதுங்க, சினிமா எங்களுக்கே தெரியும்.