அரசரடி மனு

தேனி பெரியப்பா: நேற்றிலிருந்து ஆளாளுக்குப் போன் போட்டு விசாரிக்கிறார்கள். நம் பையன் ஜெயிலுக்குப் போன பேச்சு குழுவில் வேண்டாம். சம்பந்தகாரர்களும் பார்ப்பார்கள்.

நான்: அவர்களை விட்டுவிட்டுத்தான் இதைத் தனியாகத் தொடங்கினேன் பெரியப்பா. இதில் நம் வீட்டு ஆட்கள் மட்டும்தான்.

தேனி பெரியப்பா: சரி.

மதினி: நாளைக்கு மனு போட்டு அவரைப் பார்க்க அரசரடி ஜெயிலுக்குப் போகிறேன். கோழிக்குழம்பு வைத்து எடுத்துப் போகலாமா அத்தை?

செக்கானூரணி சித்தி: வேண்டாம் ஆத்தா, சமைத்ததை உள்ளே விடமாட்டார்கள். அவன் பெயரில் பணம் கட்டு. சோப்பு, பிஸ்கட்டெல்லாம் உள்ளே கேண்டீனில் வாங்கிக்கொள்வான். காளவாசலில் இறங்கினால் ஷேர் ஆட்டோ இருக்கும். காலையிலேயே போய்விடு. போனை உள்ளே கொண்டுபோக முடியாது, அதனால் வழக்கு எண், ஸ்டேஷன் பெயர் இரண்டையும் தாளில் எழுதிக்கொள்.

செக்கானூரணி சித்தி: அப்புறம் இன்னொன்று. உங்கள் சித்தப்பா உள்ளே இருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். பேசக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். சுற்றி எல்லாரும் கத்திக்கொண்டு இருப்பார்கள். அதில் பாதி நேரத்தை அழுதே தீர்த்துவிடாதே. கேஸ் பேச்சும் அங்கே வேண்டாம், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆடு குட்டி போட்டது, கம்மாயில் தண்ணீர் வந்தது, இப்படி எதையாவது பேசு. அவனுக்கு வீட்டு வாடை வேண்டும்.

மதினி: பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அப்பா திருப்பூரில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

செக்கானூரணி சித்தி: பள்ளிக்கூடத்தில் எவனாவது சொல்வதற்குள் நீயே சொல்லிவிடு. ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, அப்பா மேல் ஒரு கேஸ், கோர்ட் முடிவு சொல்லும் வரை அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கே கூட்டிப்போகாதே. முதலில் நீ போய் அந்த இடத்தைப் பார்.

திருமங்கலம் மாமா: காலையில் ஒருத்தன் எனக்குப் போன் போட்டான். உள்ளே நல்ல பிளாக்குக்கு மாற்றிவிட 5,000 ரூபாய் ஜிபே பண்ணச் சொன்னான். நம் பையன் பெயரைச் சரியாகச் சொல்கிறான்.

செக்கானூரணி சித்தி: ஒரு பைசா போடாதே அண்ணே. அந்த நம்பரை பிளாக் பண்ணு.

கோயம்புத்தூர் தம்பி: எனக்கு லீவு கிடைக்காது. அண்ணனிடம் எப்படிப் பேசுவது?

நான்: இ-முலாகாத் இணையதளத்தில் பதிவு பண்ணு. ஜெயிலில் அனுமதி கொடுத்தால் வீடியோவில் பேசலாம். ஆனால் அதையே நம்பிக்கொண்டு இருக்காமல் ஒரு கடிதமும் போடு. படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், பார்த்து எழுது. கடிதம் என்றால் ராத்திரி திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கலாம் இல்லையா.

தேனி பெரியப்பா: வக்கீல் பீஸுக்கு என்ன வழி? இவன் வைத்த கடனே தலைக்கு மேல் நிற்கிறது.

நான்: காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவிலேயே இருக்கிறது. மாவட்டக் கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100க்குப் போன் போட்டாலும் சொல்வார்கள்.

தேனி பெரியப்பா: ஓசி வக்கீல் ஒழுங்காக வாதாடுவாரா?

நான்: நேரில் பேசிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுவோம். தேதியை மட்டும் கோட்டை விடக் கூடாது. அண்ணன் மேல் போட்டிருக்கும் பிரிவுகளுக்கு 60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை உண்டு. பெரிய கேஸ் என்றால்தான் 90. ஆனால் அது தானாகக் கிடைக்காது. போலீஸ் குற்றப்பத்திரிகை போடுவதற்கு முன்னால் நாம் ஜாமீன் மனு போட்டுவிட வேண்டும்.

திருமங்கலம் மாமா: ஜாமீன் கிடைத்தாலும் கையெழுத்துப் போட ரெண்டு பேர் வேண்டுமே. நான் ஒருத்தன். இன்னொருத்தர்?

தேனி பெரியப்பா: என் வீட்டு வரி ரசீது இருக்கிறது.

மதினி: மாமா...

தேனி பெரியப்பா: அவன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. வெளியே வந்ததும் நாலு வார்த்தை கேட்கத்தான் போகிறேன். நாளைக்கு நீ தனியாகப் போகாதே, நானும் வருகிறேன். ஆதார் ஜெராக்ஸ் போதும்தானே?

செக்கானூரணி சித்தி: ஒரிஜினலையே எடுத்து வாருங்கள் மச்சான். கேட்டில் நின்று சட்டம் பேச வேண்டாம்.