சோர்சஸ் கோப்புறைக்கு மாற்றியபின் ஸ்ட்ரிங் எக்ஸ்டென்ஷன் கிடைக்கவில்லை

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

வணக்கம். இடைநிலைப்பள்ளி மாணவர் சிலருக்குச் சனிக்கிழமைகளில் ஸ்விஃப்ட் (ஆப்பிளின் நிரல்மொழி) கற்றுத்தருகிறேன். எக்ஸ்கோட் என்னும் நிரலெழுதும் செயலியில், எழுதியதை உடனே ஓட்டிப் பார்க்கும் ஒரே பிளேகிரவுண்டில் ஏழு பக்கங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் ஒரே ஸ்ட்ரிங் எக்ஸ்டென்ஷனை (உரை வகையான ஸ்ட்ரிங்குக்குப் புதிய ஃபங்ஷன்களைச் சேர்க்கும் நிரல்பகுதி) ஒட்டி வைத்திருந்தேன். ஒரு சொல்லில் எத்தனை எழுத்து, அவை எத்தனை யூனிகோட் குறிகளால் ஆனவை என்று சொல்லும் 'எழுத்துக்கணக்கு' என்ற ஃபங்ஷன் அதில் இருக்கிறது; 'பினாங்கு' என்று கொடுத்தால் 4, 8 என்று விடை வரும். ஒரு பிழையைத் திருத்த ஏழு இடங்களுக்கு அலைய வேண்டியிருந்ததால், அதையும் 'சொல்' என்னும் ஸ்டிரக்டையும் (தொடர்புள்ள தரவுகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் வகை) எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான சோர்சஸ் கோப்புறையில் ஒரே கோப்பாக வைத்தேன். இப்போது எந்தப் பக்கத்தை ஓட்டினாலும், எழுத்துக்கணக்கு 'இன்டர்னல்' (உள்ளே மட்டும்) பாதுகாப்பில் இருப்பதால் அணுக முடியாது என்கிறது; 'சொல்' ஸ்கோப்பிலேயே (இங்கிருந்து தெரியும் பெயர்களிலேயே) இல்லை என்கிறது. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது.

பதில் (ஜார்ஜ்டவுன், பினாங்கு)

வணக்கம் அம்மா. சோர்சஸில் உள்ளவை தனி மாட்யூலாக (தனித்து நிற்கும் நிரல்தொகுதியாக) கம்பைல் ஆகின்றன. பக்கம் அதைத் தானே இம்போர்ட் செய்துகொண்டாலும், 'பப்ளிக்' (வெளியிலிருந்தும் அணுகலாம்) என்று குறிக்காத எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்டென்ஷனின் முன்னால் 'பப்ளிக்' சேர்த்தால் உள்ளிருக்கும் ஃபங்ஷன்களும் பப்ளிக் ஆகிவிடும். இதே பழக்கத்தில் ஸ்டிரக்டையும் எழுதினால்தான் வம்பு: 'சொல்'லுக்குப் பப்ளிக் போட்டாலும் அதன் உறுப்புகள் இன்டர்னலாகவே நிற்கும், ஸ்விஃப்ட் தானாகத் தரும் இனிட்டும் (புதிய 'சொல்' ஒன்றை உருவாக்கும் பகுதி) அப்படியே. ஆகவே பக்கம் தொடும் உறுப்புகளுக்கும் தனித்தனியே பப்ளிக் போட்டு, பப்ளிக் இனிட் ஒன்றை நீங்களே எழுதவேண்டும். நானும் ஒரு மாலைப்பொழுதை இதில் தொலைத்திருக்கிறேன்.

ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதை அந்தப் பக்கத்தின் சொந்த சோர்சஸில் வையுங்கள். ஏழுக்கும் பொதுவானது மட்டும் மேலே உள்ள பொது சோர்சஸில் இருக்கட்டும். வேகமும் கூடும்: பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரியின் விடையையும் பிளேகிரவுண்ட் ஓரத்தில் காட்டிக்கொண்டே ஓடுகிறது, சோர்சஸில் அந்தச் சுமை இல்லை.

மறுமொழி (கேட்டவர்)

நன்றி ஐயா. இனிட் எழுதியதும் ஏழு பக்கங்களும் ஓடுகின்றன. சரிபார்க்கலாம் என்று சோர்சஸ் கோப்பின் அடியில் 'பினாங்கு' என்பதன் கணக்கை அச்சிடும் ஒரு பிரின்ட் வரி சேர்த்தேன். மேல்மட்டத்தில் (எந்த ஃபங்ஷனுக்கும் வெளியே) இப்படி எழுத அனுமதியில்லை என்று உடனே மறுத்துவிட்டது. அந்த வரியை முதல் பக்கத்துக்கு மாற்றியபின் 4, 8 என்று சரியாக வருகிறது.