போலந்து சீப் பழ வைன், என்ன மேட்டர்?

ஊர்சுத்தி:
க்ராகோவ் கடைங்கள்ல அடி ரேக்ல கலர் கலரா லேபிள் ஒட்டுன பழ வைன் இருக்கு, விலை ரொம்ப கம்மி, ஆனா பேச்செடுத்தாலே இங்க பசங்க சிரிக்கிறாங்க, ஏன்?

மொட்டைமாடி:
அது யாபோல் ப்ரோ. பெரும்பாலும் ஆப்பிள்தான், ஐரோப்பிய யூனியன்லயே அதிகமா ஆப்பிள் விளையுறது போலந்துலதானே, சர்க்கரைய கொட்டி புளிக்க வெச்சு கெட்டுப்போகாம இருக்க சல்பர் டை ஆக்சைடு போடுவாங்க, தொறந்ததும் தீக்குச்சி கொளுத்துன மாதிரி ஒரு நெடி மூக்குல ஏறும். கம்யூனிஸ்ட் காலத்துல கையில காசில்லாதவன் சரக்கு இது, 80கள்ல யாரோச்சின் ராக் ஃபெஸ்டிவலுக்கு வந்த பங்க் ராக் பசங்க கையிலயும் இதான்.

பழையசோறு:
'ரான்ச்சோ' சீரியல் பாருங்க, 2006ல ஆரம்பிச்சது. கடை வாசல் பெஞ்ச்ல நாலு பேரு உக்காந்து 'மாம்ரோட்'னு ஒரு வைன குடிச்சிட்டே ஊர் நியாயம் பேசுவாங்க. கற்பனை பிராண்டுதான், ஆனா சீரியல் ஹிட்டானதும் அதே பேர்ல நிஜமாவே வித்தாங்க, வியாபாரிக்கு சொல்லியா குடுக்கணும்!

ஊர்சுத்தி:
அப்ப பார்க்ல உக்காந்து ஒரு கை பாத்துரலாமா?

மொட்டைமாடி:
பார்க் வேணாம்ணே, பொது இடத்துல குடிச்சா ஃபைன் 100 ஸ்லோட்டி, பாட்டில் விலைய விட பல மடங்கு. ரூம்லயே வெச்சுக்கோங்க, வெறும் வயித்துல மட்டும் வேணாம்.