வண்ணமும் கட்டமும் போட்டால் வேலை கிடைத்துவிடுமா?

காத்திருப்பவன்:
நான்கு மாதமாக வேலை தேடுகிறேன். இன்றுவரை 140 விண்ணப்பங்கள் போட்டிருக்கிறேன். அழைப்பு வந்தது மூன்றே இடத்திலிருந்து. கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்ப்பது என் தொழில், ஆறு ஆண்டு அனுபவம். உன் ரெஸ்யூம் கூட்டத்தோடு கூட்டமாகக் கிடக்கிறது என்கிறார் நண்பர் ஒருவர். பக்கவாட்டில் வண்ணப் பட்டை, மேலே புகைப்படம், ஒவ்வொரு திறமைக்கும் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம், கூடவே ஒரு நிமிட அறிமுகக் காணொளி என்று பெரிய பட்டியலே கொடுத்திருக்கிறார். இதற்கெல்லாம் பலன் உண்டா? ஆட்சேர்ப்பு வேலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கோடும்வண்ணமும்:
உங்கள் நண்பர் சொல்வது சரி. நான் வடிவமைப்பாளன், பலருக்கு ரெஸ்யூம் செய்து கொடுத்திருக்கிறேன். தி லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் 2012இல் 30 ஆட்சேர்ப்பாளர்களின் கண் அசைவைக் கருவி வைத்து அளந்தது. ஒரு ரெஸ்யூமை முதன்முறை பார்க்க அவர்கள் செலவிட்டது ஏறக்குறைய ஆறு நொடி. 2018இல் மறுபடி அளந்தார்கள், 7.4 நொடி. ஏழு நொடியில் யார் படிக்கப்போகிறார்கள்? பார்க்கத்தான் போகிறார்கள். பார்க்கிறவர் கண்ணை நிறுத்த ஏதாவது வேண்டாமா?

மேசைக்கு_அந்தப்பக்கம்:
பதினொரு ஆண்டாக விண்ணப்பங்களைச் சலித்தெடுப்பதே என் பிழைப்பு. வடிவமைப்பாளர் நண்பர் அந்த ஆய்வை முதல் பாதியோடு மூடிவைத்துவிட்டார். அந்த நொடிகளில் கண் எங்கே போனது என்றும் அதிலேயே இருக்கிறது: பெயர், இப்போதைய பதவியும் நிறுவனமும், அதற்கு முந்தையவை, சேர்ந்த தேதி, விலகிய தேதி, படிப்பு. 2018 ஆய்வில் நன்றாகத் தேறியவை தெளிவான தலைப்புகளோடு எளிமையாக இருந்தவை. பக்கத்தை நெடுக்குவாட்டில் பல பத்திகளாகப் பிரித்து நெருக்கி அடைத்தவை பின்தங்கின.

என் திரையில் என்ன தெரிகிறது என்று சொல்கிறேன். உங்கள் ரெஸ்யூம் முதலில் தெரியாது. ஒரு பட்டியல் தெரியும். பெயர், கடைசிப் பதவி, விண்ணப்பித்த நாள், "இரவுப் பணிக்குச் சம்மதமா" போன்ற கட்டாயக் கேள்விகளுக்கு நீங்கள் கொடுத்த பதில். அதைச் சொடுக்கினால் மென்பொருள் உங்கள் கோப்பிலிருந்து உருவியெடுத்த எழுத்து வரும். நேற்று ஒன்று வந்தது. அழகான இரண்டு பத்தி வடிவம்; இடப்பக்கம் பொழுதுபோக்கு, வலப்பக்கம் அனுபவம். மென்பொருள் இரண்டையும் ஒரே வரியாகக் கோத்துவிட்டது. "கிடங்கு மேற்பார்வையாளர் நீச்சல் 2019 முதல் புகைப்படக் கலை" என்று படித்தேன். சிரித்துவிட்டு மூலக் கோப்பைத் திறந்தேன். திறக்க நேரமில்லாத நாளும் உண்டு.

நட்சத்திரத்தைப் பற்றி ஒரே கேள்வி. எக்செல் நான்கரை நட்சத்திரம் என்றால், அந்த அரை நட்சத்திரத்தைக் குறைத்தது யார்?

கோடும்வண்ணமும்:
நட்சத்திரத்தை நான் எங்கேயும் ஆதரிக்கவில்லை, என் தலையில் கட்டாதீர்கள். ஆனால் எல்லோரும் ஒரே வெள்ளைத் தாள், ஒரே எழுத்துரு, ஒரே வரிசை என்று வந்தால் நீங்கள் யாரைப் பொறுக்குவீர்கள்? இணையத்தில் எத்தனை கதைகள் இருக்கின்றன! ரெஸ்யூமைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டு அனுப்பி வேலை வாங்கியவர், நிறுவனத்தின் இணையதளத்தையே நகலெடுத்துத் தன் விவரத்தை அதில் போட்டு அழைப்புப் பெற்றவர்...

உப்புமூட்டை:
பொட்டலம் அனுப்பி வேலை கிடைக்காதவர் கதை எழுதுவதில்லை ஐயா. நான் அனுப்பியிருக்கிறேன். வரவேற்பறையில் இருந்தவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதை யாரிடம் கொடுப்பது?" என்று தொலைபேசியில் என்னையே கேட்டார்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ரெஸ்யூமை இழைத்து இழைத்து என்ன ஆகப்போகிறது? உள்ளே ஆள் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. இதற்குப் பழைய ஆராய்ச்சியே இருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரையைத் தேடிப் பாருங்கள், வேலை எப்படிக் கிடைத்தது என்று ஆட்களையே கேட்டு எழுதியது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2001, 2002 ஆண்டுகளில் பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஏறக்குறைய 5,000 போலி ரெஸ்யூம்களை அனுப்பிச் சோதித்தார்கள். தகுதியில் வேறுபாடு கிடையாது. பெயரை மட்டும் மாற்றினார்கள். வெள்ளையர் பெயர் போலத் தெரிந்தவற்றுக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு. கறுப்பர் பெயர் போலத் தெரிந்தவற்றுக்குப் பதினைந்துக்கு ஒன்று. ஆகவே காத்திருப்பவரே, 140க்கு மூன்று என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். ஆட்டமே சரிவான தரையில் நடக்கிறது.

மேசைக்கு_அந்தப்பக்கம்:
தரை சரிவு என்பதை நான் மறுக்கவில்லை. உள்ளிருந்து பார்க்கிறவளுக்கு அது இன்னும் நன்றாகவே தெரியும். ஆனால் கிரானோவெட்டரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அவர் கேட்டது, அந்தத் தெரிந்தவரை எத்தனை நாளுக்கொருமுறை பார்த்துவந்தீர்கள் என்பது. அடிக்கடி என்றவர்கள் ஏறக்குறைய 17 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 56 சதவீதத்துக்கு அருகில், அரிதாக என்றவர்கள் 28. அதாவது மாமன் மச்சான் சிபாரிசு அல்ல. என்றோ கூட வேலை பார்த்து, பிறகு தொடர்பு விட்டுப்போனவர்கள். காரணமும் எளிது. நெருங்கியவருக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் இருப்பவர் வேறொரு வட்டத்துச் செய்தியைக் கொண்டுவருகிறார்.

உப்புமூட்டை:
ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கணக்கு அது. இப்போதும் செல்லும் என்பதற்கு என்ன ஆதாரம்?

மேசைக்கு_அந்தப்பக்கம்:
அதை நீங்கள்தான் மேற்கோள் காட்டினீர்கள்! சரி, புதியதையும் தருகிறேன். லிங்க்ட்இன் தளம் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று ஆட்களைக் காட்டும் முறையை மாற்றி மாற்றி ஐந்தாண்டு சோதித்தது. இரண்டு கோடிப் பேர் அதில் அடக்கம். முடிவு 2022இல் சயன்ஸ் இதழில் வந்தது. வேலை மாற அதிகம் உதவியவை ஓரளவு தளர்ந்த உறவுகளே. முற்றிலும் முகம் தெரியாதவரும் பெரிதாகப் பயன்படவில்லை, மிக நெருங்கியவரும் அப்படியே.

உப்புமூட்டை:
நல்லது, அப்படியானால் நான் சொன்னது முக்கால் பங்கு சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

பொருளியல்வாத்தியார்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், வகுப்பு எடுக்கிற பழக்கம். அதே 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் வேலைச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதைத் தொடக்கமாகக் கொண்ட ஆய்வுகளுக்காக 2001இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அவர் வாதம் இது. ஆளைத் தெரியாத முதலாளி ஏதோ ஓர் அடையாளத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். அந்த அடையாளம் தகுதி உள்ளவனுக்கு மலிவாகவும் இல்லாதவனுக்குக் கடினமாகவும் கிடைப்பதாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. வண்ணப் பட்டையை எவரும் ஐந்து நிமிடத்தில் போடலாம். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு கவரிங் லெட்டரும் அந்தக் கதிதான். அதன் நடை நேர்த்தியாக இருப்பதால் எழுதியவரைப் பற்றி ஒன்றும் தெரிந்துவிடாது. அந்த வேலையை உண்மையில் செய்தவரால் மட்டுமே எழுத முடிகிற ஒரு வரி இருந்தால் அதைத்தான் நான் தேடுவேன்.

கோடும்வண்ணமும்:
வாத்தியார் ஐயா சொல்வதில் எனக்கும் இடம் இருக்கிறது. வடிவமைப்பு வேலைக்கு விண்ணப்பித்தால் வடிவமே அந்த வரி. மற்ற வேலைகளில் என் வாதம் பலவீனம் என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன், வேண்டா வெறுப்பாக. ஆனால் காணொளியை ஏன் எல்லோரும் ஒதுக்குகிறீர்கள்?

மேசைக்கு_அந்தப்பக்கம்:
ஒரு நிமிடக் காணொளிக்கு ஒரு நிமிடம் வேண்டும். முழு ரெஸ்யூமுக்கே ஏழு நொடி என்று தொடங்கிவைத்தவர் நீங்கள்.

காத்திருப்பவரே, உங்கள் ரெஸ்யூமில் பெயர், எண்களை மறைத்துவிட்டு இங்கே ஏற்றுங்கள்.

காத்திருப்பவன்:
ஏற்றிவிட்டேன் அம்மா. முகப்பு வரி இது: "இருப்பு மேலாண்மையில் ஆறாண்டு அனுபவம் கொண்ட, குழுவாக இயங்கும் திறனும் கடின உழைப்பும் கொண்ட பணியாளர்."

மேசைக்கு_அந்தப்பக்கம்:
இந்த வரியை இந்த வாரம் மட்டும் எத்தனை பேரிடம் பார்த்தேன் என்று எண்ணவில்லை. உங்கள் கிடங்கில் மாதக் கடைசியில் என்ன நடக்கும்? சும்மா பேசுவது போலச் சொல்லுங்கள்.

காத்திருப்பவன்:
முன்பெல்லாம் மாதம் ஒருமுறை மூன்று நாள் கதவைச் சாத்திவிட்டு மொத்தச் சரக்கையும் எண்ணுவோம். லாரிகள் வெளியே நிற்கும். எண்ணிக்கை கணினிக் கணக்கோடு ஒருபோதும் ஒத்துப்போகாது. யார் தவறு என்று சண்டை வரும். பிறகு நான் ஒரு யோசனை சொன்னேன். வேகமாக நகரும் சரக்கைத் தினம் ஓர் அடுக்கு, மெதுவாக நகர்வதை வாரம் ஓர் அடுக்கு என்று சுழற்சியாக எண்ணலாம் என்றேன். முதல் இரண்டு மாதம் கணக்கு மோசமாகத்தான் இருந்தது. ஆறாவது மாதத்தில் மாதக் கடைசி வேலை அரை நாளில் முடிந்தது, கதவையும் சாத்தவில்லை.

பொருளியல்வாத்தியார்:
நான் கேட்ட வரி இதுதான்!

மேசைக்கு_அந்தப்பக்கம்:
இதை மறைத்துவைத்துவிட்டுக் கடின உழைப்பாளி என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே இப்படிப் போடுங்கள்: "மாத இருப்புச் சரிபார்ப்பை மூன்று நாளிலிருந்து அரை நாளாகக் குறைத்தேன், சுழற்சி எண்ணிக்கை முறையைத் தொடங்கி ஆறு மாதம் நடத்தினேன், கிடங்கை மூடவேண்டிய தேவை நின்றது." முதல் இரண்டு மாதம் மோசமாக இருந்ததை நேர்காணலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்பார்கள். விளம்பரத்தில் "இருப்புக் கட்டுப்பாடு" என்று இருந்தால் நீங்களும் அதே சொல்லைப் பயன்படுத்துங்கள். நாங்கள் கோப்புகளில் தேடுவது விளம்பரத்தில் இருக்கும் சொற்களைத்தான். அதற்காக அந்தச் சொல்லை வெள்ளை எழுத்தில் ஒளித்து நூறு முறை எழுதும் தந்திரம் வேண்டாம். மென்பொருள் உருவியெடுக்கும்போது வெள்ளை, கறுப்பு என்று பார்க்காது. நூறும் வரிசையாக என் முன்னால் வந்து நிற்கும். விளம்பரம் வந்த முதல் இரண்டொரு நாளில் விண்ணப்பித்துவிடுங்கள். தேவையான எண்ணிக்கைக்கு ஆள் கிடைத்துவிட்டால் மீதிப் பட்டியலை நான் திறப்பதேயில்லை. இது நியாயம் என்று சொல்லவில்லை.

உப்புமூட்டை:
வரியைத் திருத்தியாயிற்று. ஆளையும் தேடுங்கள். தொடர்பு விட்டுப்போன யாராவது உண்டா?

காத்திருப்பவன்:
யோசித்துப் பார்த்தேன். எங்கள் கிடங்கில் பார்கோடு மென்பொருளை நிறுவ வந்து, இரண்டு வாரம் எங்களோடு இருந்து பயிற்சி கொடுத்தவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். மூன்றாண்டாகப் பேசவில்லை. திடீரென்று வேலை கேட்டால் தவறாக நினைக்க மாட்டாரா?

உப்புமூட்டை:
வேலை கேட்காதீர்கள், செய்தி கேளுங்கள். அவர் தொழிலே கிடங்கு கிடங்காகப் போவது. எந்த இடத்தில் கணக்கு ஒத்துப்போகாமல் தவிக்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

காத்திருப்பவன்:
நேற்றிரவு நான்கு வரி எழுதி அனுப்பினேன். காலையில் பதில் வந்துவிட்டது. சுழற்சி எண்ணிக்கை அவருக்கு நினைவிருக்கிறதாம். ஓரிடத்தில் கேட்டுப் பார்ப்பதாகவும் ரெஸ்யூமை அனுப்பும்படியும் எழுதியிருக்கிறார். வேலை உண்டு என்று சொல்லவில்லை. திருத்திய கோப்பை இங்கேயும் ஏற்றியிருக்கிறேன், அனுப்புவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.

கோடும்வண்ணமும்:
ஒரே பத்தி, கறுப்பு மை, படம் இல்லை. மனது வலிக்கிறது. தலைப்புகளுக்குக் கீழே மெல்லிய நீலக் கோடு ஒன்றாவது போட்டுக்கொள்ளுங்கள்.

மேசைக்கு_அந்தப்பக்கம்:
நீலக் கோட்டுக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. கோப்பின் பெயரை மட்டும் மாற்றுங்கள், "புதியது கடைசி 3" என்று இருக்கிறது.